வாசலில் வைத்துச் சொல்கிற விஷயம்

1

இந்த மாதத்தோடு நாங்கள் மெல்பர்ன் வந்து இருபத்திரண்டு வருஷம் முடிகிறது. வருஷா வருஷம் நாங்கள் வந்திறங்கிய நாளில் என் மனைவி ஜோதி பாயசம் வைப்பாள். நான் ஊரில் நாலு பேருக்குப் போன் போடுவேன். அதோடு சரி. இந்த வருஷம் அதே நாளில், கையில் ஒரு பை எலுமிச்சம்பழத்தோடு ஒரு மனநல ஆலோசகரின் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஊரான வெண்ணந்தூரில் இதைப் படிக்கிறவர்கள் பதறியடித்துக்கொண்டு போன் போட வேண்டாம். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், ரயில்பெட்டி பழுது பார்க்கும் பணிமனைக்கு வழக்கம்போல வேலைக்குப் போகிறேன். என் மகள் மது என்னோடு பேசி ஒன்பது மாதம் ஆகிறது. அதுதான் விஷயம்.

பாருங்கள், எழுதும்போது எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டேன். அந்த அறைக்குள் ஐம்பது நிமிடம் உட்கார்ந்தும் இதை என்னால் சொல்ல முடியவில்லை.

மதுவுக்கு இருபத்தேழு வயது. கார் ஓட்டினால் இரண்டு மணி நேரத் தூரத்தில் இன்னொரு ஊரில் வேலை. போன வருஷம் ஓர் இடம் கூடிவந்தது. பையன் இங்கேயே வளர்ந்தவன், பெற்றோர் திருச்செங்கோட்டுப் பக்கம். அவளும் பேசிப் பார்த்துச் சரி என்றாள். ராசிபுரத்தில் மண்டபம் வரைக்கும் பேசியாகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள், சாப்பிட்டாள், நாலு மணி நேரம் இருந்தாள், அவள் அம்மா கட்டிக் கொடுத்த டப்பாக்களை வாங்கிக்கொண்டு போனாள். பத்து நாள் கழித்து ஜோதி சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது, மதுவுக்கு இந்தக் கல்யாணம் வேண்டாமாம். பையனிடமும் சொல்லிவிட்டாளாம்.

உடனே போன் போட்டேன். கல்யாணம் நின்றதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. என் வாயில் வந்தது வேறு. "நாலு மணி நேரம் ஊட்டுல உக்காந்திருந்தயே, அப்பச் சொல்ல வாயில்லையா உனக்கு? நாங்க என்ன மூணாவது மனுசங்களா?" என்று கத்தினேன். அவள் போனை வைத்துவிட்டாள். அன்றிலிருந்து அம்மாவோடு மட்டும்தான் பேச்சு. நான் கெஞ்சியும் பார்த்தாகிவிட்டது, முறைத்தும் பார்த்தாகிவிட்டது. கடைசியில் ஜோதி மூலம் ஒரு தகவல் வந்தது: "அப்பா மொதல்ல யாருகிட்டயாவது போயி உக்காந்து மனசு உட்டுப் பேசட்டும். அப்புறம் நான் பேசறேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பெற்ற மகளோடு பேச இன்னொருத்தரிடம் போய்ப் பேசிப் பழகிவிட்டு வர வேண்டுமாம். இரண்டு மாதம் முறுக்கிக்கொண்டு திரிந்தேன். அப்புறம் போனேன்.

2

இந்த ஊரில் மனசு சரியில்லை என்றாலும் வரிசைப்படிதான் போக வேண்டும். முதலில் குடும்ப டாக்டர். அவர் ஒரு தாளைக் கொடுத்தார். அதில் வரிசையாகக் கேள்விகள். கடந்த நாலு வாரத்தில் காரணமில்லாமல் களைப்பாக இருந்ததா, எதிலும் மனம் ஒட்டாமல் இருந்ததா என்கிற மாதிரி. 'ஒருபோதும் இல்லை' என்பதிலிருந்து 'எப்போதும்' என்பது வரை ஒவ்வொன்றுக்கும் கட்டங்கள். எங்கள் பக்கத்து ஆளைப் பார்த்து எப்படி இருக்கிறீர்கள் என்றால் "இருக்கறமுங்க" என்பான். அந்தப் பதிலுக்கு அந்தத் தாளில் கட்டம் இல்லை. எல்லாவற்றுக்கும் நடுக்கட்டத்தில் டிக் போட்டுக் கொடுத்தேன். டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கடிதம் எழுதினார்.

பிறகு ஏழு வாரம் காத்திருப்பு. அதற்குள் கம்ப்யூட்டரில் நிரப்பச் சொல்லி ஒரு படிவம் வந்தது. அவசரம் என்றால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று ஓர் இடம். இத்தனை வருஷம் எந்தப் படிவத்திலும் அங்கே மதுவின் நம்பரைத்தான் போடுவேன். ஜோதி போனை எங்காவது வைத்துவிட்டு வீடெல்லாம் தேடுகிற ஆள். மதுதான் முதல் மணியிலேயே எடுப்பாள். பழக்க தோஷத்தில் அவள் நம்பரை அடித்துவிட்டேன். அடித்த பிறகு அப்படியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் அழித்துவிட்டு ஜோதியின் நம்பரைப் போட்டேன். அந்தப் படிவத்தில் அதுதான் எனக்கு ரொம்ப நேரம் பிடித்த கேள்வி.

போகிற அன்றைக்குக் கொல்லையில் இருக்கிற எலுமிச்சை மரத்தில் நல்ல பழமாகப் பார்த்துப் பத்துப் பன்னிரண்டு பறித்தேன்.

"டாக்டர் மாதிரி ஒருத்தர்கிட்ட போறீங்க. எலுமிச்சம்பழம் எதுக்கு?" என்றாள் ஜோதி.

"மொதமொதல்ல ஒருத்தரு எடத்துக்குப் போறோம். கைய வீசிக்கிட்டுப் போறதா?"

அவள் ஆத்தூர்க்காரி. எதையும் நேராகக் கேட்பாள், நேராகச் சொல்வாள். "என்னமோ பண்ணுங்க. பழத்தைக் குடுத்துட்டு வாயை மூடிக்கிட்டு வந்துறாதீங்க" என்றாள். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

காத்திருக்கும் இடத்தில் ஒரு பெண் வந்து "மிஸ்டர் நாச்சிமுத்து" என்று அழைத்தாள். என் பேர் சுப்பிரமணி. நாச்சிமுத்து என் அப்பா. பாஸ்போர்ட்டில் அவர் பேர் குடும்பப் பெயராக ஏறி இருபத்திரண்டு வருஷம் ஆகியும், அந்தப் பேரைக் கேட்டால் அவர் எங்கேயோ பின்னால் வருகிறார் என்று திரும்பிப் பார்க்கிற பழக்கம் எனக்குப் போகவில்லை. அன்றைக்கும் திரும்பிப் பார்த்தேன்.

3

ஆலோசகரின் பேர் ஹெலன். அறுபதை ஒட்டிய வயது, ஒட்ட வெட்டிய வெள்ளை முடி. அறையில் இரண்டு நாற்காலி, நேருக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் சாய்த்துப் போட்டிருந்தது. நடுவில் சின்ன மேஜை, அதில் கண் துடைக்கிற காகிதம். எந்த நாற்காலி வேண்டுமோ அதில் உட்காருங்கள் என்றார். நாங்கள் பேசியது ஆங்கிலத்தில். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

பையை நீட்டினேன். அவர் முகம் மலர்ந்தது. ஆனால் கை நீளவில்லை. "ரொம்ப நன்றி. இங்கே பரிசு வாங்கிக்கொள்வதில்லை என்று ஒரு விதி. போகும்போது மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். எனக்கு முகம் சுண்டிவிட்டது. எலுமிச்சம்பழத்துக்குக்கூட ஒரு விதியா? பையை என் காலடியிலேயே வைத்துக்கொண்டேன்.

அடுத்து, நான் பேசுவது எதுவும் அந்த அறையைத் தாண்டாது என்றார். எனக்கோ இன்னொருவருக்கோ ஆபத்து என்றால் மட்டும் விதிவிலக்கு, அதையும் முடிந்தவரை என்னிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வார். இடையிடையே குறிப்பு எழுதிக்கொள்ளலாமா என்று அனுமதி கேட்டார். பதில் சொல்லப் பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்றார். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். வெண்ணந்தூரில் காலையில் ஒருவர் வீட்டில் சொன்னது மதியத்துக்குள் ராசிபுரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விடும். பேச்சு ஓர் அறைக்குள்ளேயே கிடக்கும் என்று ஒரு மனுஷி சத்தியம் மாதிரி சொல்வதைக் கேட்க எனக்கு வினோதமாகவும் இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது.

பிறகு பேனாவை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார். "சொல்லுங்கள், இன்றைக்கு நீங்கள் இங்கே வந்தது எதற்காக?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் பக்கத்தில் வந்த ஆளிடம் எதற்கு வந்தீர்கள் என்று கேட்பது, வாசற்படியில் வைத்துக் கதவைச் சாத்துவதற்குச் சமம். "வாங்க" என்போம். தண்ணீர் கொடுப்போம். மழை உண்டா, மரவள்ளி எப்படி இருக்கிறது, அப்பாரு உடம்பு தேவலையா என்று கேட்போம். என்ன விஷயம் என்று மட்டும் வாய் தவறியும் கேட்க மாட்டோம். அப்படியே யாராவது விவரமில்லாமல் கேட்டுவிட்டாலும் வந்தவர் பதில் தயாராக வைத்திருப்பார்.

அந்தப் பதிலைத்தான் நானும் சொன்னேன். "சும்மாதான். உங்களைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன்."

டாக்டரிடம் கடிதம் வாங்கி, படிவம் நிரப்பி, ஏழு வாரம் காத்திருந்து, வேலைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தவன் சொல்கிற பதில் இது. ஹெலன் சிரிக்கவில்லை. "வந்தது நல்லது" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தார். பேசாமல் என்றால் சுத்தமாகப் பேசாமல். எனக்கு அந்த மௌனம் தாங்கவில்லை. நீங்கள் எந்த ஊர், பெற்றோர் இருக்கிறார்களா, எத்தனை பிள்ளைகள் என்று நானே கேட்க ஆரம்பித்தேன். "என்னைப் பற்றித் தெரிந்துகொண்டால் உங்களுக்குப் பேச வசதியாக இருக்குமா?" என்று பதிலுக்குக் கேட்டார். எந்த ஊர் என்று கேட்டதற்கு இப்படி ஒரு பதிலை நான் என் ஆயுசில் கேட்டதில்லை.

அப்புறம் நான் ஓயவில்லை. பணிமனையில் புதிதாக வந்திருக்கிற மேலாளர், எலுமிச்சை மரத்தில் விழுந்த பூச்சி, மாமியாரின் முழங்கால், ஊரில் பெய்யாத மழை எல்லாம் சொன்னேன். வீட்டில் யாரெல்லாம் என்றார். நானும் மனைவியும், ஒரே மகள், வெளியூரில் வேலை, நன்றாக இருக்கிறாள் என்றேன். சொல்லும்போது குரல்கூட மாறவில்லை. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

4

வெண்ணந்தூரில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களும் இப்படித்தான். சித்தப்பா முறை, மச்சான் முறை என்று யாராவது ஒருவர் டிவிஎஸ் வண்டியை வேப்ப மரத்தடியில் நிறுத்திவிட்டு வருவார். அப்பாவும் அவரும் ஒரு மணி நேரம் ஊர்க்கதை பேசுவார்கள். "சரிங்க, வாரேன்" என்று அவர் எழுந்திருப்பார். துண்டை உதறித் தோளில் போடுவார். செருப்பை மாட்டுவார். வண்டி வரைக்கும் போவார். அங்கே நின்று, "அப்புறமுங்க..." என்று இழுப்பார். வந்த விஷயம் அப்போதுதான் வெளியே வரும்.

அம்மாவுக்கு இது மனப்பாடம். வந்தவருக்கு முதல் காபி கொடுத்த பிறகும் கொஞ்சம் பாலை எடுத்து வைத்திருப்பாள். நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டதும் அதை அடுப்பில் ஏற்றுவாள். வந்தவர் வாசல் வரை போய் "அப்புறமுங்க" சொல்லி, அப்பா அவரைத் திரும்பக் கூட்டிவந்து உட்கார வைப்பதற்கும் பால் பொங்குவதற்கும் சரியாக இருக்கும்.

ஒருமுறை மாரப்பன் மாமா வந்திருந்தார். மாடு கன்றுக்குட்டி எல்லாம் பேசி முடித்து, வண்டியை ஸ்டாண்டிலிருந்து எடுத்தும் விட்டார். "அப்புறமுங் மச்சான்... பையன் ரிக்கு வண்டியில வடக்க போனவன். நாலு மாசமாக் கடுதாசி இல்லீங்க" என்றார். சொல்லிவிட்டு வண்டியின் பிரேக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆழ்துளைக் கிணறு போடுகிற அந்த லாரிகளில் எங்கள் பக்கத்துப் பையன்கள் பாதிப் பேர் போயிருந்தார்கள். அப்பா வண்டிச் சாவியைக் கையில் வாங்கிக்கொண்டார். "உள்ள வாங்க மச்சான். செருப்பக் கழட்டுங்க. உக்காந்து சொல்லுங்க" என்றார். மறுநாள் இரண்டு பேரும் திருச்செங்கோட்டுக்கு ரிக்கு முதலாளியைப் பார்க்கப் போனார்கள். பையன் நன்றாகத்தான் இருந்தான். எழுதச் சோம்பல்.

இதை ஒரு பெருமை என்று சொல்ல வரவில்லை. மூன்று தடவை வந்து, மூன்று தடவையும் வாசல் வரை போய், ஒன்றும் சொல்லாமலேயே வண்டி ஏறிப் போனவர்களும் உண்டு. அவர்கள் என்ன சொல்ல வந்தார்கள் என்று எங்களுக்குக் கடைசி வரை தெரியாது.

5

நாற்பதாவது நிமிடத்தில் ஹெலன் சொன்னார். "இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. சொல்லாமல் போய்விட்டோமே என்று காரில் போகும்போது தோன்றுகிற மாதிரி ஏதாவது இருக்கிறதா?"

"ஒன்றும் இல்லை" என்றேன். மறுபடி எலுமிச்சை மரத்துக்குப் போனேன்.

நேரம் முடிந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை என்று நாள் குறித்தார். எழுந்தேன், ஜாக்கெட்டைப் போட்டேன், பையை எடுத்தேன். கதவுக் கைப்பிடியில் கை வைத்தேன். "அப்புறம்" என்று தமிழிலேயே வந்துவிட்டது. பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன். "என் மகள் ஒன்பது மாதமாக என்னோடு பேசவில்லை."

அதற்கு மேல் வரவில்லை. ஐம்பத்தைந்து வயசு ஆள் எலுமிச்சம்பழப் பையைப் பிடித்துக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பி நின்று அழுதேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் நிற்கவில்லை.

ஹெலன் எழுந்து பக்கத்தில் வந்து நின்றார். "சொன்னதற்கு நன்றி. இது பெரிய விஷயம். அவசர அவசரமாகப் பேசினால் இதற்கு நியாயம் செய்ததாக இருக்காது. அடுத்த செவ்வாய் இதிலிருந்தே ஆரம்பிப்போம்" என்றார். தண்ணீர் கொடுத்தார். வண்டி ஓட்ட முடியுமா என்று கேட்டார், வெளியே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகச் சொன்னார். நல்ல மனுஷிதான். ஆனால் அடுத்த ஆள் ஏற்கெனவே வந்து காத்திருந்தார். என்னைத் தாண்டி அவர் உள்ளே போனார். கதவு மூடியது.

6

வீடு வந்து சேருகிற வரைக்கும் எனக்கு ஆறவில்லை. பையைச் சமையல் மேடையில் வைத்தேன்.

"பழத்தை வாங்கலியா?" என்றாள் ஜோதி.

"பழத்த உடு. மனுசனையே வாங்கலை. ஒருத்தன் வாசல்ல நின்னு இத்தன பெரிய விசயத்தச் சொல்றான், போயிட்டு அடுத்த வாரம் வாங்கன்னு சொல்றாங்க. எந்த ஊர்லயாவது உண்டா? திருப்பிக் கூட்டிவந்து உக்கார வைக்க மாட்டாங்களா? எங்கம்மாவா இருந்தா இந்நேரம் பாலை அடுப்புல வச்சிருக்கும்." மாரப்பன் மாமா கதையையும், நாற்காலிச் சத்தம் கேட்டுப் பால் வைக்கிற கதையையும் சொல்லித் தீர்த்தேன்.

ஜோதி பழங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டே முழுவதையும் கேட்டாள்.

"அம்பது நிமிசம் உக்காந்திருந்தீங்க. அப்பல்லாம் சொல்ல வாயில்லையா?" என்றாள்.

எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. அது நான் போனில் கத்திய வார்த்தை என்று உறைக்க ஒரு நொடி ஆனது.

"அவ அன்னைக்கு நாலு மணி நேரம் உக்காந்திருந்தாள்ல. போகும்போது வாசல்ல என்ன சொன்னா, ஞாபகம் இருக்குதா?" என்றாள் ஜோதி.

இருந்தது. ஒன்பது மாதமாக நினைத்துப் பார்க்காததால் இல்லை என்று ஆகிவிடுமா? மது டப்பாப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு ஷூவை மாட்டிவிட்டு இன்னொன்றை மாட்டாமல் நின்றாள். "அப்புறமுங்கப்பா, ஒரு விசயம்..." என்றாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். "நேரமாச்சு சாமி, ரோட்டுல கூட்டமாயிரும். கெளம்பு, போன்ல பேசிக்கலாம்" என்றேன். அவள் அந்த இன்னொரு ஷூவையும் மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

இந்த ஊருக்கு வரும்போது அவளுக்கு ஐந்து வயது. சாப்பாடு மாறிவிட்டது, பேச்சு மாறிவிட்டது, நம்ம பழக்கம் ஒன்றுகூட இவளிடம் ஒட்டவில்லை என்று நான் புலம்பாத ஆள் இல்லை. வெண்ணந்தூரில் வளராத பெண், எங்கள் ஊர் ஆள் மாதிரியே நாலு மணி நேரம் ஊர்க்கதை பேசிவிட்டு, வாசலுக்குப் போய் வந்த விஷயத்தைத் தொடங்கியிருக்கிறாள். நாச்சிமுத்துவின் மகன் கடிகாரம் பார்த்து அனுப்பி வைத்திருக்கிறான். ஹெலனாவது செவ்வாய்க்கிழமை என்று ஒரு நாள் சொன்னார். நான் அதுகூடச் சொல்லவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் பாயசத்தை என்னால் குடிக்க முடியவில்லை.

7

அந்தச் சனிக்கிழமை காலையில் ஜோதியின் போன் அடித்தது. வழக்கம்போல அவளே பேசினாள். பிறகு என் பக்கத்தில் வந்து போனை என் கையில் கொடுத்தாள்.

"அப்பா, போயிட்டு வந்தீங்களாமா" என்றாள் மது.

"ஆமாம் சாமி. போனேன்."

"எப்படி இருந்துச்சு?"

"எலுமிச்சம்பழத்த வாங்க மாட்டேன்னுட்டாங்க."

அவள் சிரித்தாள். ஒன்பது மாதம் கழித்து அந்தச் சிரிப்பைக் கேட்டேன். கண்ணில் நீர் வந்துவிட்டது, அதைக் காட்டிக்கொள்ளாமல் பேசினேன். அவள் காரை சர்வீஸ் விட்டிருக்கிறாள். வாடகை வீட்டில் குழாய் ஒழுகுகிறது, வீட்டுக்காரருக்கு மூன்று ஈமெயில் போட்டும் பதில் இல்லை. ரசத்துக்கு அவள் அம்மா சொன்ன அளவு சரியாக வரவில்லை. நானும் பூச்சி மருந்து, புது மேலாளர் எல்லாம் சொன்னேன். இருபது நிமிடம் போனது. கல்யாணப் பேச்சு பக்கம் இரண்டு பேரும் போகவில்லை.

"சரிங்கப்பா. வைக்கட்டுங்களா?" என்றாள்.

இத்தனை வருஷமும் இந்த இடத்தில் "சரி சாமி" என்று சொல்லி நான்தான் முதலில் போனை வைப்பேன்.

"இரு" என்றேன். "அன்னைக்கு வாசல்ல ஒரு விசயம்னு ஆரம்பிச்ச. நான் கேக்காம அனுப்பிச்சிட்டேன். என் தப்பு சாமி அது. இப்பச் சொல்லு."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ஹெலன் இருந்த மாதிரி நானும் வாயைத் திறக்காமல் இருந்தேன். என்னால் முடியும் என்று நான் நினைக்கவில்லை.

"அது பெரிய கதைங்கப்பா" என்றாள் கடைசியில். "நேரமாகும்."

"ஆகட்டும். உக்காந்து சொல்லு."

அவள் வீட்டில் நாற்காலியை இழுக்கிற சத்தம் போனில் கேட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜோதிக்கும் கேட்டிருக்க வேண்டும். எழுந்து போய்ப் பாலை அடுப்பில் வைத்தாள்.